போலீஸ் எப்படி வருகிறது என்று பாருங்க, தம்பி

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, ஸ்டீம் சேல்ல மாஃபியா டெஃபினிட்டிவ் எடிஷன் வாங்கினேன். ஜிடிஏ மாதிரி இருக்கும்னு நெனச்சேன். ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஆடியாச்சு. கார் நெம்ப மெதுவாப் போகுது, ஊரைச் சுத்தினா செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. ரெண்டு மணி நேரம் தாண்டறதுக்குள்ள ரீஃபண்ட் போட்டுட்டு வேற வாங்கலாமா? பொதுவா இந்த ஓபன் வேர்ல்டு க்ரைம் கேமையெல்லாம் ஆரம்பத்துலயே தேறுமா தேறாதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

முதலில் கடிகாரக் கணக்கை முடித்துக்கொள்வோம். வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் பெரிதாகக் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் கேம் திறந்திருக்கும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். கேமை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுச் சோறு திங்கப் போனாலும் ஓடும். செட்டிங்ஸில் உட்கார்ந்து கிராஃபிக்ஸைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தாலும் ஓடும். இதைப் படிக்கும்போது கேம் பின்னால் திறந்து கிடந்தால் மூடிவிட்டு வாங்க.

இனிப் பெரிய கேள்வி. ஓபன் வேர்ல்டு என்றால் ஊர் முழுக்க இஷ்டம்போல் சுற்ற விடுகிற கேம். இந்த வகையில் எதை எடுத்தாலும் நான் முதலில் போலீஸைத்தான் பார்ப்பேன். மேப் எத்தனை பெரிசு, துப்பாக்கி எத்தனை தினுசு, மழை பெய்தால் ரோட்டில் விளக்கு எப்படி மின்னுகிறது, எல்லாம் ட்ரெய்லரிலேயே தெரிந்துபோகும். சின்னதாக ஒரு தப்புச் செய்தால் அந்த ஊர் என்ன செய்யும் என்பதை மட்டும் எந்த ட்ரெய்லரும் காட்டாது. கண்ணபுரம் சந்தைக்குக் காங்கேயம் காளை வாங்க வருகிறவர் கொம்பையும் திமிலையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். கிட்ட வந்ததும் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பார். க்ரைம் கேமுக்குப் பல் போலீஸ்தான்.

ஜிடிஏ பிறந்த கதையே இதற்குச் சாட்சி. ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் டிஎம்ஏ டிசைன் என்று ஒரு கம்பெனி, லெம்மிங்ஸ் என்ற கேமைச் செய்த அதே ஆட்கள், 1990களின் நடுவில் 'ரேஸ் ன் சேஸ்' என்ற பெயரில் ஒரு கேம் செய்துகொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஊர். போலீஸாகவும் ஆடலாம், திருடனாகவும் ஆடலாம் என்பது திட்டம். ஆடிப் பார்த்தால் சப்பென்று இருந்திருக்கிறது. இடையில் போலீஸ் காரை ஓட்டும் புரோகிராமில் ஏதோ கோளாறாகி, அந்த கார்கள் பின்னாலேயே ஒழுங்காகத் துரத்துவதை விட்டுவிட்டு, வெறி பிடித்தது போல் ஆடுகிறவன் வண்டியை நேராக வந்து இடிக்க ஆரம்பித்தன. டெஸ்ட் செய்துகொண்டிருந்தவர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. அந்த வெறியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை அதைச் சுற்றி வளர்த்தார்கள். 1997ல் அது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்று வெளிவந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்களே பின்னால் பேட்டிகளில் சொன்ன சேதி இது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன். 2000களில் ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிடிஏ வரிசையில் வந்த வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பசங்கள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடு, அதாவது கேமை ஏமாற்றுகிற ரகசியச் சொல், எழுதிக்கொண்டு வருவார்கள். வைஸ் சிட்டியில் 'பேன்சர்' என்று தட்டினால் டாங்கி வந்து நிற்கும். 'லீவ் மீ அலோன்' என்று தட்டினால் போலீஸ் விட்டுவிட்டுப் போய்விடும். சான் ஆண்ட்ரியாஸில் ஒரு கோடு உண்டு, எங்கள் பசங்கள் 'ஏசக்மி' என்பார்கள். அதைப் போட்டுவிட்டால் என்ன செய்தாலும் போலீஸே வராது. அந்தக் கோடு போட்ட பையன் கொஞ்ச நேரம் ஊரையே துவம்சம் பண்ணுவான், அப்புறம் கொட்டாவி விட்டுக்கொண்டு பக்கத்து சீட்டை எட்டிப் பார்ப்பான். பக்கத்து சீட்டில், போலீஸ் எத்தனை மும்முரமாகத் தேடுகிறது என்று காட்டுகிற ஸ்டார் நாலு ஏறி, ஒரு சந்துக்குள் வண்டியை ஒளித்துவைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவன்தான் "அண்ணா, இன்னொரு அரை மணி நேரம் போடுங்ணா" என்று காசை நீட்டுவான். கல்லாவில் உட்கார்ந்து கற்ற பாடம் இது.

சரி, எப்படிச் சோதிப்பது? கேம் உங்களை முதன்முதலாகத் தனியாக விட்டதும் பெரிய அட்டூழியம் எதுவும் செய்யாதீங்க. ராக்கெட் லாஞ்சரைத் தூக்கினால் எந்த கேமிலும் ஹெலிகாப்டர் வரும். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. சிக்னலைத் தாண்டுங்க. நிற்கிற காரை லேசாக உரசுங்க. ஆளில்லாத தெருவில் ஒரு காரைத் திறந்து எடுங்க, அதையே கடைவீதியில் நாலு பேர் முன்னால் ஒருதரம் செய்து பாருங்க. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அந்த கேமில் விஷயம் இருக்கிறது.

வித்தியாசம் என்பது, பார்த்தவன் யார் என்று கேமுக்குத் தெரிந்திருப்பது. 2018ல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இதில் கில்லாடி. அது துப்பாக்கியும் குதிரையுமான காலத்துக் கதை என்றாலும் இதே இனம்தான். ஊருக்கு வெளியே ஒருத்தனை மடக்கிக் கொள்ளையடிக்கிறீர்கள் என்று வையுங்க. தூரத்தில் குதிரையில் போகிற ஒரு ஆள் பார்த்துவிட்டால் அவன் ஷெரீஃபிடம் சொல்ல ஓடுவான். அவனைத் துரத்திப் பிடித்து மிரட்டி வாயை அடைக்கலாம். பிடிக்க முடியாவிட்டால்தான் சட்டம் கிளம்பி வரும். தப்பித்துப் போனாலும் தலைக்கு விலை அந்த மாநிலத்தில் நின்றுகொண்டே இருக்கும். போஸ்ட் ஆபீஸில் போய்க் கட்டினால்தான் தீரும். ஒரு சின்னக் களவிலிருந்து துரத்தல், மிரட்டல், கடன் என்று ஒரு சிறுகதையே உண்டாகிவிடுகிறது. யாரும் எழுதிவைக்காத கதை அது.

இதற்கு நேர் எதிர் 2020 டிசம்பரில் வந்தபோதிருந்த சைபர்பங்க் 2077. நைட் சிட்டி என்ற அந்த ஊரைப் பார்த்தால் வாய் பிளக்கும். ஆனால் ஆள் அரவமில்லாத மொட்டைமாடியில் ஒரு தப்புச் செய்தாலும் போலீஸ் முதுகுக்குப் பின்னால் திடுமென்று முளைத்து நிற்கும். கொஞ்ச தூரம் ஓடினால் மறந்துவிடும். காரில் துரத்துவது என்ற பேச்சே இல்லை. பிஎஸ் 4ல் அது சரியாக ஓடாமல் சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிசியில் ஒழுங்காக ஓடியவர்களும் போலீஸைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். 2023 செப்டம்பரில் 2.0 அப்டேட் வந்து போலீஸை முழுசாக மாற்றி எழுதினார்கள். அப்புறம் அது வேறு கேம். கதையும் ஊரும் அதேதான், ஆனால் தெருவில் இறங்கி நடக்க ஒரு பயம் வந்துவிட்டது.

தப்பிக்கிற வழியையும் பார்க்கணும். வைஸ் சிட்டி காலத்தில் பெயிண்ட் கடைக்குள் வண்டியை விட்டால் பாவம் தீர்ந்தது. 2008ல் ஜிடிஏ 4 வந்தபோது மேப்பில் ஒரு வட்டம் விழும். அதை விட்டு வெளியே போனால் தப்பித்தோம், போகிற வழியில் எவனாவது பார்த்துவிட்டால் வட்டம் நம்மைச் சுற்றி மறுபடி விழும். 2013ல் ஜிடிஏ 5ல் ஒவ்வொரு போலீஸ்காரனும் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பதே மேப்பில் கூம்பாகத் தெரியும். அதனால் ஓடுவதைவிட ஒளிவது நல்லது என்று ஆகிவிட்டது. எனக்கு இதிலெல்லாம் பிடித்தது 2010ல் வந்த மாஃபியா 2. அதில் போலீஸ் உங்க முகத்தை ஒரு கணக்காகவும் உங்க காரை வேறு கணக்காகவும் வைத்துக்கொள்ளும். துணியை மாற்றினால் ஆள் அடையாளம் போகும், நம்பர் பிளேட்டை மாற்றினால் வண்டி அடையாளம் போகும். போன் பூத்திலிருந்து கூப்பிட்டுக் காசு கொடுத்துச் சரிக்கட்டவும் வழி உண்டு. அது எந்த நாட்டு வழக்கம் என்று நாம் பெருமூச்சு விட வேண்டாம்.

ஒன்று மட்டும் இதுவரைக்கும் எந்த கேமிலும் நான் பார்க்கவில்லை. நம்ம பக்கம் பைக்கில் போகும்போது எதிரில் வருகிறவர் ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினால் அடுத்த முக்கில் செக்கிங் என்று அர்த்தம். முன்பின் தெரியாத ஆள், நின்று பேசக்கூட மாட்டார், ஆனால் அந்த உதவியைச் செய்துவிட்டுப் போவார். ஊர் சனம் போலீஸுக்கும் நமக்கும் நடுவில் ஒரு பக்கம் சாய்கிறது என்பதை எவனாவது கேமில் கொண்டுவந்தால் முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குவேன்.

போலீஸுக்கு அடுத்தது ரோடு. இது போலீஸோடு ஒட்டினதுதான், ஏனென்றால் இந்த கேம்களில் பாதி நேரம் ஸ்டீயரிங்கில்தான் போகும். வண்டிக்குக் கனம் இருக்கிறதா, பிரேக் போட்டால் முன்பக்கம் அமுங்குகிறதா, மற்ற வண்டிக்காரன் நமக்காக ஒதுங்குகிறானா இல்லை பொம்மை மாதிரி போய்க்கொண்டிருக்கிறானா என்று பாருங்க. ஜிடிஏ 4ல் கார் படகு மாதிரி ஆடுகிறது என்று அப்போது திட்டாத ஆளில்லை. ஆனால் பழகின பிறகு மற்ற கேம் காரெல்லாம் வெறும் காகிதமாகத் தெரிந்தது என்று சொன்னவர்களும் அதே ஆட்கள்தான். அதில் பாலத்துக்கு டோல் கேட் உண்டு. காசு கட்டாமல் தடுப்பை உடைத்துக்கொண்டு போனால் ஒரு ஸ்டார் ஏறும். விஜயமங்கலத்திலும் வைகுந்தத்திலும் வாரம் தவறாமல் காசு அழுகிறவர்களுக்கு அந்தத் தடுப்பை உடைப்பதில் ஒரு தனி சந்தோஷம். இந்த மாதிரி அற்ப விஷயத்துக்கும் ஒரு விளைவு வைத்திருக்கிறார்கள் பாருங்க, அதுதான் நான் சொல்கிற பல்.

இன்னொரு எச்சரிக்கை. முதல் இரண்டு மணி நேரம் பல கேம்களில் உண்மையான கேமே இல்லை. ரெட் டெட் 2ஐ எடுத்துக்கொண்டால் முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில் குதிரையை விட்டுக்கொண்டு போவதுதான். இரண்டாம் அத்தியாயத்தில்தான் கீழே இறங்கி ஊரைப் பார்ப்பீர்கள். நிதானமாக ஆடுகிறவருக்கு அதற்குள் ரீஃபண்ட் நேரம் முடிந்திருக்கும். சைபர்பங்கில் கதை சூடு பிடிக்கிற அந்தப் பெரிய கொள்ளை வருவதற்கே பல மணி நேரம் ஆகும். ஜிடிஏ 5 இதில் கெட்டி. பனி கொட்டுகிற ஊரில் ஒரு பேங்க் கொள்ளையைக் காட்டிவிட்டு, சட்டென்று வருஷங்களைத் தாண்டி ஃபிராங்க்ளின் என்கிற நாயகனை லாஸ் சாண்டோஸ் என்ற ஊரில் காரோடு இறக்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஊர் உங்க கையில். அதனால் தொடக்கம் இழுக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கேமைத் தள்ளிவிடாதீங்க. ஆனால் தனியாக விட்ட பிறகும் ஊர் உங்களைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் அது கடைசி வரைக்கும் அப்படித்தான் இருக்கும். தொடக்கம் மாறும், ஊரின் குணம் மாறாது.

இப்போது உங்க மாஃபியா. இது 2020 செப்டம்பரில் ஹேங்கர் 13 என்ற கம்பெனி செய்தது. அசல் 2002ல் செக் நாட்டில் பர்னோ என்ற ஊரில் இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ் செய்தது. அசல் வந்தபோது அதன் பெரிய வம்பே போலீஸ்தான். நகரத்துக்குள் மணிக்கு 40 மைலைத் தாண்டினால் போலீஸ் விசில் ஊதிக்கொண்டு பின்னால் வரும், சிக்னலைத் தாண்டினால் வரும், நிறுத்தி அபராதச் சீட்டுக் கொடுக்கும். அதற்கு முந்தின வருஷம் ஜிடிஏ 3ல் பிளாட்பாரத்தில் ஏற்றி ஓட்டிப் பழகினவர்கள் கையை உதறினார்கள். சட்டத்துக்குப் பயந்து நாற்பதில் ஊர்ந்துகொண்டே கொலை செய்யப் போகிற ஒரு ஆளின் கதை அது. டிக்கியில் விஸ்கிப் பெட்டி, பக்கத்தில் போலீஸ் வண்டி, சிக்னலில் சிவப்பு. அந்த இறுக்கம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

புதுப் பதிப்பில் இந்தப் பல்லைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் போலீஸ் நடத்தை என்று ஒன்று இருக்கிறது: ரெகுலர், சிமுலேஷன் என்று இரண்டு நிலை. ரெகுலரில் வைத்தால் சின்னச் சின்ன ரோட்டுத் தப்பையெல்லாம் போலீஸ் கண்டுகொள்ளாது. நீங்க கேமை அப்படியே திறந்து ஆடியிருந்தால் அந்த நிலையில்தான் ஆடியிருப்பீங்க. ஊர் செத்துக் கிடக்கிறது என்று தோன்றினதற்கு அதுதான் முதல் காரணம். போலீஸையும் டிரைவிங்கையும் சிமுலேஷனுக்கு மாற்றுங்க. கிளாசிக் என்ற கடுமையான நிலையும் உண்டு. அதில் பாதித் தோட்டா இருக்கும்போது மாகசினை மாற்றினால் மிச்சத் தோட்டா போச்சு. ஆனால் முதல் தரம் ஆடுகிறவருக்கு அது வேண்டாம். அந்த நிலையில் ரேஸ் அத்தியாயம் கண்ணைப் பிதுக்கிவிடும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் நிஜ ரேஸ் பார்த்துவிட்டு வந்த என் பங்காளி ஒருத்தன் கண்ட்ரோலரைத் தூக்கிச் சோபாவில் எறிந்துவிட்டுப் போனான்.

கார் மெதுவாகப் போகிறது என்பது புகார் இல்லீங்க, அதுதான் சங்கதி. கதை 1930ல் தொடங்குகிறது. டாமி ஏஞ்சலோ என்ற டாக்ஸிக்காரன் 1938ல் ஒரு டைனரில் உட்கார்ந்து டிடெக்டிவ் நார்மனிடம் நடந்ததையெல்லாம் சொல்கிறான். நாம் ஆடுவது அவன் சொல்கிற கதையை. வருஷம் ஏற ஏறக் காரும் மாறும். முதல் அத்தியாயத்துக் கார் மேடு ஏறத் திணறும், பத்து அத்தியாயம் தாண்டி ஒரு நல்ல எஞ்சின் கையில் கிடைக்கும்போதுதான் அந்தத் திணறலுக்கு அர்த்தம் புரியும். அந்தக் காலத்துக் கார் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க ஆசையிருந்தால் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாங்க. ஜி.டி. நாயுடு 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒற்றை பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினவர். கதை நடக்கிற லாஸ்ட் ஹெவன் என்ற ஊரில் டாமி டாக்ஸி ஓட்டுகிற அதே வருஷங்களில் நம்ம ரோட்டில் அவர் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளின் மெலிந்த டயரையும் பெரிய ஸ்டீயரிங்கையும் பார்த்துவிட்டு வந்தால் திருப்பத்தில் வண்டி ஏன் வழுக்குகிறது என்று கேட்க மாட்டீங்க.

டாமி போய்ச் சேர்கிற சாலியேரி கும்பலுக்குக் காசு வருவது சாராயத்தில். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரைக்கும் மதுவிலக்கு. கதையின் நடுவில் அந்தச் சட்டம் போகிறது, கும்பலின் பிழைப்பும் மாறுகிறது. நமக்கு இது தூரத்துச் சேதி கிடையாது. டாமி டைனரில் உட்கார்ந்து கதை சொல்கிற 1938ல் நம்ம சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. ராஜாஜி 1937 அக்டோபரில் முதன்முதலாக அங்கேதான் கொண்டுவந்தார். அங்கே சட்டம் போய் ஐந்து வருஷம், இங்கே சட்டம் வந்து கொஞ்ச நாள். சங்ககிரிப் பக்கம் நடக்கிற ஒரு மாஃபியா கதையை யாராவது எழுதினால் இடமும் காலமும் தயாராக இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிச் சண்டை பரவாயில்லை ரகம்: ஒரு சுவருக்குப் பின்னால் ஒளி, சுடு, அடுத்த சுவருக்குப் போ. கைச்சண்டை ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பது. நீங்க சொன்னதும் சரிதான், கதைக்கு நடுவில் ஊரைச் சுற்றினால் செய்ய ஒன்றும் கிடையாது. லாஸ்ட் ஹெவன் ஒரு மேடை. அதில் ஓப்பனாக விளையாட ஃப்ரீ ரைடு என்று தனியாக வைத்திருக்கிறார்கள், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். ஓபன் வேர்ல்டு என்று இதை அழைப்பதே எனக்குச் சம்மதமில்லை. பெரிய ஊருக்குள் வைத்துச் சொன்ன நேர்கோட்டுக் கதை என்று சொன்னால் சரியாக இருக்கும். 2025ல் வந்த மாஃபியா தி ஓல்டு கன்ட்ரி இதையே இன்னும் வெளிப்படையாகச் செய்தது. வந்தபோது, சிசிலியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற ஆசையை நமக்குப் பெரிதாகக் காட்டவில்லை.

அதனால் உங்க கையில் மிச்சமிருக்கிற ஒரு மணி நேரத்தில் இப்படிச் செய்யுங்க. சிமுலேஷனுக்கு மாற்றிவிட்டு டாக்ஸி ஓட்டுகிற இடத்திலிருந்து மறுபடி ஆடுங்க. சில பயணங்களைத் தாண்டிப் போக வழி கொடுத்திருப்பார்கள், தாண்டாதீங்க. ரேடியோவைக் கேட்டுக்கொண்டு, சிக்னலில் நின்று, நாற்பதில் போங்க. எதிர்க் கும்பலான மொரெல்லோ ஆட்கள் வந்து வண்டியை நொறுக்கி, டாமி சாலியேரி பாருக்கு ஓடி, அப்புறம் பழிக்குப் பழி வாங்கக் பேஸ்பால் மட்டையோடும் பெட்ரோல் பாட்டிலோடும் கிளம்புவது வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அதற்குள் அந்த ஊரில் சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுவதில் ஒரு ருசி தட்டினால் கேமை வைத்துக்கொள்ளுங்க, முழுக்கதையும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், ஷிஃப்டுக்கு நடுவில் ஆடுகிறவருக்கு அது நல்ல அளவு. தட்டாவிட்டால் கூச்சப்படாமல் ரீஃபண்ட் போடுங்க. பாட்டில் எறிகிற இடம் மட்டும் நன்றாக இருந்தது, வண்டி ஓட்டுகிற நேரமெல்லாம் போனைப் பார்க்கத் தோன்றியது என்றாலும் ரீஃபண்ட்தான்.

அந்தக் காசுக்கு வேறு என்ன என்றால், உங்க கேள்வியை வைத்துப் பார்த்தால் ஜிடிஏ 5 இல்லை, ஸ்லீப்பிங் டாக்ஸ் டெஃபினிட்டிவ் எடிஷன் சொல்வேன். 2012ல் வந்த கேம், 2014ல் மெருகேற்றினார்கள், சேலில் அடிமாட்டு விலைக்கு வரும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதை வெளியிடுவதாக இருந்த கம்பெனி நடுவில் கைவிட்டு, இன்னொரு கம்பெனி எடுத்து வெளியிட்டது. தொடக்கத்திலிருந்தே அதைச் செய்த யுனைட்டட் ஃபிரண்ட் கேம்ஸும் 2016ல் மூடிப்போனது. ஹாங்காங்கில் நடக்கிற கதை. வெய் ஷென் என்கிறவன் கும்பலுக்குள் நுழைந்த போலீஸ்காரன். இங்கே நான் சொன்ன பல் நமக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு மிஷனுக்கும் கும்பல் மார்க், போலீஸ் மார்க் என்று தனித்தனியாக உண்டு. போலீஸ் மார்க் முழுசாகத் தொடங்கி, நாம் பிளாட்பாரத்தில் ஏற்றி இடிக்க இடிக்கக் குறைந்துகொண்டே போகும். துரத்தலில் குறுக்கே போகிற ஆளைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை ஒடித்துக் கொண்டிருப்பீர்கள், உங்களையே அறியாமல். தொடக்கத்தில் துப்பாக்கி அநேகமாகக் கிடையாது, கையும் காலும் பக்கத்தில் கிடக்கிற சாமானும்தான். ஒரு மணி நேரத்துக்குள் இரவுச் சந்தையில் இறங்கிவிடுவீர்கள், இழுவை இல்லை.

இன்னொரு வசதி, ஹாங்காங்கில் நம்ம மாதிரியே இடது பக்கம் ஓட்டுவார்கள். ஜிடிஏவில் வலது பக்கம் ஓட்டி ஓட்டிவிட்டு மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் திரும்பும்போது ஒரு நொடி கை தடுமாறும், அது இதில் இருக்காது. கீபோர்டில் ஆடுவதாக இருந்தால் கார் ஓட்டும்போது கேமரா தானாக நேராகிக்கொண்டு எரிச்சல் கொடுக்கும், அதனால் யாரிடமாவது கண்ட்ரோலர் கடன் வாங்கிக்கொள்ளுங்க. மாஃபியாவை வைத்துக்கொள்வதாக முடிவு செய்தாலும் அதே கண்ட்ரோலர் உதவும். ஆக்ஸிலேட்டரைப் பாதி அழுத்தி நாற்பதில் நிறுத்துவது கீபோர்டில் நடக்காத காரியம். அதுவும் கிடைக்காவிட்டால் வேகத்தைக் கட்டிவைக்கிற பொத்தான் ஒன்று கேமிலேயே கொடுத்திருக்கிறார்கள், கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் தேடிப் பாருங்க.